ஐயனார் காடும் மண்மேடும்

நெய்வேலிச் சுரங்கத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். "உங்க ஊர்ல கரன்ட்டே போகாதாமே?" என்பது ஒன்று. "பூமிக்கு அடியில என்னதான் இருக்கு?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சிரித்துவைப்பேன். இரண்டாவதற்கு, "காடு இருக்கு" என்பேன். கேலி செய்கிறேன் என்று நினைப்பார்கள். கேலி இல்லை. லிக்னைட் என்பது புதைந்துபோன காடுதான். பெஞ்சில் இறங்கி நடந்தால் நார் தெரியும் கட்டைகள், பட்டை ஒட்டிய தண்டுகள், இலைத் தூள் படிந்த மாதிரி அடுக்கடுக்காக வரும் துண்டுகள் எல்லாம் காலில் தட்டும். சில கட்டிகளுக்குள் மஞ்சளாகப் பிசின் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கேங்கில் யாராவது அதை நெருப்பில் காட்டுவார்கள். குங்கிலியம் போல ஒரு வாசனை வரும். பல லட்சம் வருஷத்துக்கு முந்திய மரம் ஒன்றின் பால் அது என்று அப்போது எங்களுக்குத் தோன்றியதில்லை. ஷிப்ட் முடிந்தால் போதும்.

பிறகுதான் படித்தேன். 1960-களிலேயே சி. ஜி. கே. ராமானுஜம் என்ற தாவரவியல் அறிஞர் நம் ஊர் லிக்னைட்டை எடுத்துப்போய் அதில் இருக்கும் மகரந்தத் தூள்களை ஆராய்ந்திருக்கிறார். மகரந்தத்தின் மேல்தோல் அவ்வளவு எளிதில் அழியாது. அதன் உருவத்தை வைத்து இன்ன குடும்பத்து மரம் என்று சொல்லிவிடலாமாம். பனை இனங்கள், உப்பங்கழி ஓரத்து மரங்கள், நல்ல மழை பெய்யும் காட்டு மரங்கள் எல்லாம் இங்கே இருந்திருக்கின்றன. வக்கிரகாளியம்மனைக் கும்பிடத் திருவக்கரை போனவர்கள் அங்கே கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் நம் கடலூர் மணற்கல் படிவத்தில் கிடைத்தவைதான். மண்ணியல்படி நமக்கும் அவற்றுக்கும் உறவு உண்டு.

இந்தப் பதிவு அந்தக் காட்டைப் பற்றியது இல்லை. அதற்கு மேலே, நம் காலம் வரை இருந்த இன்னொரு காட்டைப் பற்றியது. அதில் ஒரு மூலை போனதற்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் அம்மா ஊர் பண்ருட்டிக்குக் கிழக்கே. பெயர் வேண்டாம். ஊருக்கு வடக்கே, முந்திரித் தோப்பெல்லாம் தாண்டி, இரண்டு ஏக்கர் போல ஒரு ஐயனார் காடு இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் செம்மண் பூமியில் ஒரு கரும்பச்சைக் குவியல் மாதிரி தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் சுற்றியுள்ள புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்கும்போதும் அது மட்டும் பச்சையாகவே இருக்கும். உள்ளே போனால் தலையை நிமிர்த்த முடியாது. மரங்கள் உயரமில்லை, மூன்று ஆள் உயரம், நான்கு ஆள் உயரம், அவ்வளவுதான். ஆனால் நெருக்கம். கொடிகள் வேறு பின்னிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒரு குட்டை. அதன் கரையில் பூரணை, புட்கலையோடு ஐயனார். சுற்றிலும் மண்குதிரைகள். புதுக் குதிரைகள் முன்னால் நிற்கும். பழைய குதிரைகள் காதுடைந்து, காலுடைந்து, பின்னால் வேர்களுக்கு நடுவில் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கும்.

சட்டம் கடுமை. செருப்போடு போகக்கூடாது. அரிவாள் கூடாது. விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட வெளியே எடுத்து வரக்கூடாது. ஆடித் திருவிழாவில் பொங்கல் வைக்க மட்டும் அந்தச் சுள்ளியை அங்கேயே எரிக்கலாம். ஒருமுறை பல் விளக்க நான் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன். என் ஆயா அதைப் பிடுங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஒடித்த இடத்திலேயே வைக்கச் சொல்லி, நெற்றியில் மண்ணைப் பூசிவிட்டாள். "அவரு ராத்திரி குதிரைல வருவாரு. குச்சிக் கணக்குக்கூட அவருக்குத் தெரியும்டா" என்றாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

எங்களுக்கு அந்தக் காடு என்றால் பழம். களாப்பழம், காரைப்பழம், ஆனி மாதம் வந்தால் பாலைப்பழம். பாலைப்பழம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேப்பம்பழ அளவில் மஞ்சளாக இருக்கும், தேனாக இனிக்கும், நான்கு தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். பழம் தின்னலாம், அதற்குத் தடை இல்லை. பிறகு காசா மரம். பழைய இலக்கியம் படித்தவர்கள் காயாம்பூ என்பார்களே, அதுதான். வருஷத்தில் சில நாள், கிளை முழுவதும் நீலமாகப் பூத்துவிடும். வீரை, கருங்காலி, காட்டெலுமிச்சை, எட்டி, சுலுந்து இதெல்லாம் மாமாக்கள் சொல்லிக்கொடுத்த பெயர்கள். சுலுந்து பச்சையாக இருந்தாலும் பந்தம் போல எரியும் என்பார்கள்.

இந்த மாதிரிக் காட்டுக்கு வனத்துறைப் புத்தகத்தில் தனிப் பெயர் இருக்கிறது என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 1936-இல் ஹெச். ஜி. சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி இந்தியக் காடுகளை வகை பிரித்தார். 1968-இல் சேத் என்பவரோடு சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டார். அதில் நம் சோழமண்டலக் கரைக் காட்டுக்கு 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று ஒரு தனி வகுப்பு. பெயரிலேயே ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கும் பூமி, அரை வருஷம் வறட்சி. நியாயமாகப் பார்த்தால் மரங்கள் கோடையில் இலை உதிர்க்க வேண்டும். இவை உதிர்ப்பதில்லை. தடித்த சின்ன இலைகளை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கின்றன. ஏன் இப்படி என்று அறிஞர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள்.

விவாதத்தின் பெரும்பகுதி நமக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ், சமஸ்கிருத ஓலைச்சுவடிகளுக்காகத்தான் பலரும் அதை அறிவார்கள். அங்கேயே தாவரங்களை ஆராயும் பிரிவும் இருந்தது. லெக்ரி, பிளாஸ்கோ, மெஹர்-ஹோம்ஜி என்பவர்கள் மரக்காணம் தொடங்கிக் கோடியக்கரை வரை அலைந்து, 1970-களில் இந்தக் காடுகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போதே காடு துண்டு துண்டாகத்தான் இருந்திருக்கிறது.

காடு எங்கே போயிற்று என்பதற்கு ஒரே ஒரு குற்றவாளியைக் காட்ட முடியாது. உழவுக்குக் கொஞ்சம் போனது, அது காலங்காலமாக நடப்பது. ரயில் வந்தபோது என்ஜினுக்கு விறகு வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காகத்தான் 1860-களில் நம் கடற்கரை ஓரம் சவுக்குத் தோப்புகள் பெருகின. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் காடு என்றால் விறகும் மரக்கட்டையும் வரும் இடம். நாலு ஆள் உயரத்துக்கு மேல் வளராத, கோணல் மாணலான காசாவையும் வீரையையும் அது புதர் என்றே பார்த்தது. பிறகு முந்திரி. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம், நம் செம்மண்ணுக்கு அப்படி ஒத்துப்போயிற்று. பண்ருட்டி முந்திரி என்று பெயர் வாங்கிக்கொடுத்தது. பல குடும்பங்களைக் காப்பாற்றியது, என் அம்மா குடும்பத்தையும் சேர்த்து. அதைக் குறை சொல்ல என் வாய் வராது. ஆனால் முந்திரித் தோப்புக்குள் நுழைந்து பாருங்கள், கீழே வேறு எதுவும் இருக்காது.

அப்புறம் நாங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததில் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். 1956 நவம்பர் 14-இல் நிறுவனம், 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961 ஆகஸ்டில் லிக்னைட் கண்ணில் பட்டது, அடுத்த வருஷம் மின்சாரம். நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டுப் போன ஊர்கள் பல. அந்த ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் சாமியையும் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புது இடத்தில் வைத்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாமியை எடுத்துப்போகலாம். காட்டை எடுத்துப்போக வழி இல்லை.

நான் 1974-இல் வேலையில் சேர்ந்தேன். ரொம்ப நாள் ஸ்ப்ரெடரில். சுரங்கம் என்றால் எல்லோரும் வெட்டும் சக்கரத்தைத்தான் போட்டோ எடுப்பார்கள். ஒரு வாளியில் 1400 லிட்டர் மண் அள்ளும் அந்த ஜெர்மன் இயந்திரம் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அது அள்ளும் மண் எங்கே போகிறது? 50 மீட்டருக்கும் மேல், சில இடங்களில் 100 மீட்டர் வரை மண்ணை அகற்றினால்தான் கீழே லிக்னைட். ஒரு டன் லிக்னைட்டுக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண். அவ்வளவும் கன்வேயரில் ஓடி வந்து, கடைசியில் ஸ்ப்ரெடரின் நீண்ட கை வழியாகக் கொட்டும். வெட்டுகிறவனுக்குப் பெயர், கொட்டுகிறவனுக்குத் தூசி என்று எங்கள் செக்ஷனில் பேசிக்கொள்வோம்.

கொட்டும்போது பூமி தலைகீழாகிவிடுகிறது. மேல் மண், ஆயிரம் வருஷமாக இலையும் புழுவும் சேர்ந்து செய்த மண், அடியில் போய்விடும். அடியில் இருந்த வெள்ளைக் களியும் மணலும் மேலே வந்துவிடும். மேல் மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் பரப்ப வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம். ஆரம்ப கால மேடுகளில் அது கிடையாது. முதல் மழையிலேயே ஓடை ஓடையாக அரித்துவிடும். வெயில் காலத்தில் அதன்மேல் நடந்தால் சாம்பலில் நடப்பது போல இருக்கும். ஒரு எறும்புகூடப் பார்க்க முடியாது.

அதில் மரம் வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். முதலில் எது பிழைக்குமோ அதை வைத்தார்கள்: கத்திச் சவுக்கு என்கிற ஆஸ்திரேலிய அகேசியா, தைல மரம், சவுக்கு, முந்திரி. இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தில் பிராட்ஷா என்ற பேராசிரியர் சுரங்கக் கழிவு மண்ணில் முதலில் தழைச்சத்து சேர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லி, 1980-இல் சாட்விக் என்பவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஜே. எஸ். சிங்கும் அவருடைய மாணவர்களும் சிங்ரௌலி நிலக்கரி மேடுகளை வயது வாரியாக வரிசைப்படுத்தி, மண்ணில் எப்போது என்ன சேர்கிறது என்று அளந்தார்கள். அகேசியா வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும், இலையைக் கொட்டி மூடும், நிழல் தரும். பத்து வருஷத்தில் மேடு பச்சையாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள், நாங்களும் பெருமைப்பட்டோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்த மண்ணில் பயிர் வைக்கும் ஆராய்ச்சியும் நடந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓய்வுபெறுவதற்கு முந்திய சில வருஷங்களில், காலை ஷிப்ட் முடிந்தபின் பழைய மேட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். வைக்காமல் தானாக வந்த செடி என்ன என்று பார்ப்பேன். வேம்பு வந்திருந்தது. நுணா, இலந்தை, ஈச்சை வந்திருந்தன. உண்ணிச்செடி கேட்கவே வேண்டாம். எல்லாம் குருவியும் வௌவாலும் மரநாயும் தின்று போட்ட விதைகள். மயில் வந்துவிட்டது, கீரி வந்துவிட்டது. ஆனால் நான் சின்ன வயதில் பார்த்த எதுவும் வரவில்லை. காசா இல்லை, வீரை இல்லை, பாலை இல்லை. இருபத்தைந்து, முப்பது வருஷத்து மேட்டில் ஒரு பாலைக் கன்றுகூட இல்லை.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டு எத்தனை தூரம் பறக்கும்? அது பறக்கும் தூரத்துக்குள் தாய்மரம் இருக்க வேண்டும். இல்லை என்றால் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அந்த மரம் வராது. அப்போதுதான் எனக்கு அம்மா ஊர் ஐயனார் காடு வேறு மாதிரி தெரிந்தது. அது விதைக் கிடங்கு. நல்ல தங்கம் வைத்த பெட்டி மாதிரி, ஊர் ஊருக்கு ஒன்றாக, இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சிதறிக் கிடக்கிறது.

நான் நினைத்ததை முன்பே ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள். 1997-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி என்று நம் பக்கத்து இரண்டு கோயில் காடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹெக்டேர் அளந்து, கயிறு கட்டி, ஒரு குறிப்பிட்ட பருமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு மரத்தையும் கொடியையும் எண்ணினார்கள். திருமாணிக்குழி பாடல் பெற்ற தலம். கெடிலக் கரையில் சுவாமி எப்போதும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஊர். நான் எத்தனையோ முறை திரை விலகும் அந்த ஒரு நொடிக்காகக் காத்து நின்றிருக்கிறேன். அந்த ஊரில் எண்ண வேண்டிய காடு ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. 2001-இல் புதுச்சேரி காஞ்சி மாமுனிவர் மையத்தின் எம். பி. ராமானுஜமும் கடம்பனும் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. புதுவைப் பக்கத்து இரண்டு காடுகளின் தாவரங்களோடு, மக்களின் நம்பிக்கை அந்தக் காட்டைக் காப்பாற்றுவதில் என்ன பங்கு வகிக்கிறது என்பதையும் ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே 1970-களில் மாதவ் காட்கிலும் வர்த்தக்கும் மகாராஷ்டிரப் பக்கத்துத் தெய்வக் காடுகளைப் பற்றி இதே போல எழுதியிருந்தார்கள். என் ஆயா மண்ணைப் பூசிச் சொன்னதும் ஒரு பாதுகாப்பு முறைதான் என்று விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள இவ்வளவு வருஷம் ஆயிற்று.

ஆரோவில்காரர்கள் இதைக் கையில் செய்தே காட்டினார்கள். 1968 பிப்ரவரியில் அது தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் நம் மண்மேட்டுக்குக் கொஞ்சம்தான் மேல். செம்மண் அரித்து பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. வரப்பு போட்டு மழையை நிறுத்தி, முதலில் அகேசியாவை வளர்த்து நிழல் உண்டாக்கி, பிறகு சுற்றுவட்டாரக் கோயில் காடுகளில் விதை பொறுக்கி வந்து அந்த நிழலில் வைத்தார்கள். பிச்சாண்டிக்குளம் காடு அப்படி வந்ததுதான். சென்னை அடையாறு பூங்காவைச் சீரமைத்ததும் அவர்கள் கைவண்ணமே.

இதையெல்லாம் படித்துக்கொண்டு இருந்த காலத்தில்தான் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தது. அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டவுன்ஷிப்பில் தெருத் தெருவாக மரங்கள் விழுந்து கிடந்தன. மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் வேரோடு. மூன்றாம் நாள் அம்மா ஊருக்குப் போனேன். முந்திரித் தோப்புகள் படுத்துக் கிடந்தன. தாத்தா வைத்த பலா மரங்கள், பத்துப் பேர் கை கோத்துச் சுற்றிய மரங்கள் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வோம், அவையும் போய்விட்டன. மாமா மகன், எனக்கு மச்சான், தோப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தான். ஒரே ராத்திரியில் முப்பது வருஷத்து வருமானம் போய்விட்டது.

வடக்கே பார்த்தேன். ஐயனார் காடு நின்றுகொண்டிருந்தது. இலை உதிர்ந்திருந்தது, கிளை ஒடிந்திருந்தது, ஓரத்தில் ஒரு நாவல் சாய்ந்திருந்தது. மற்றபடி நின்றது. குட்டையான மரம், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்ட கொடி, ஆழமான வேர். காற்று மேலே வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஊர் இதைச் சாமியின் கோபம் என்று எடுத்துக்கொண்டது. எல்லாம் போயிற்று, சாமி காடு மட்டும் நிற்கிறது என்றால் சாமிக்கு நாம் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். வெட்டவெளியில் நிற்கும் ஐயனாருக்கு நல்லபடியாகக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவாயிற்று. மச்சான்தான் திருப்பணிக் கமிட்டியில் முன்னால் நின்றான். நெய்வேலிக்கு வந்து நோட்டை நீட்டினான். தோப்பை இழந்தவன் சாமிக்காக வந்து கேட்கும்போது என்ன சொல்வது? ரூ.10,000 எழுதினேன். என்ன கட்டப்போகிறார்கள், எங்கே கட்டப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் படித்தவன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2013-இல் கும்பாபிஷேகத்துக்குப் போய் இறங்கியபோது ரோட்டில் இருந்தே கோபுரம் தெரிந்தது. அதுதான் முதல் அதிர்ச்சி. ரோட்டில் இருந்து அந்த இடம் தெரியவே கூடாது. முன்பக்கம் ஒன்றரை ஏக்கர் சுத்தமாக இருந்தது. பொக்லைன் வைத்து இரண்டு நாளில் முடித்திருக்கிறார்கள். சிமென்ட் தரை, தகரக் கொட்டகை, பெயர் பொறித்த கல்வெட்டு. அதில் என் பெயரும் இருந்தது. குட்டைக்குக் கல் கட்டி இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். பழைய மண்குதிரைகளை அள்ளி எங்கேயோ கொட்டிவிட்டார்கள். பின்பக்கம் அரை ஏக்கர் மட்டும் மிச்சம், செலவுக்குப் பணம் பற்றாமல் விட்டது.

"எடம் வேணும்ல மச்சான். ரோட்டுல போற வண்டிக்காரனுக்குக் கோயிலு தெரிஞ்சாத்தான நிப்பான், உண்டியல்ல ஏதாவது போடுவான்" என்றான் மச்சான். அவன் பார்வையில் அதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டத்தை மீறியதாகவும் அவன் நினைக்கவில்லை. சாமிக்காக வெட்டினால் அது வெட்டு இல்லையாம், உத்தரவு கேட்டுப் பூப்போட்டுப் பார்த்துத்தான் செய்தார்களாம். வயதான பூசாரி மட்டும் கொட்டகைக் காலில் சாய்ந்துகொண்டு, "பாக்க நல்லாத்தான் இருக்குங்க. ஆனா உச்சிப் பூசைக்கு நிக்க முடியல, தரை சுடுது. இன்னா பண்றது, சாமியும் அதுலதான நிக்குது" என்றார்.

அடுத்த ஆனியில் இருந்து விதை பொறுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்து அரை ஏக்கரில் பெரிய பாலை மரம் இரண்டு, வீரை நாலைந்து, காசா நிறைய இருக்கின்றன. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகிறேன். இந்திரா நகரில் என் வீட்டுப் பின்புறம் பாலித்தீன் பைகளில் போட்டு வைத்தேன். முதல் வருஷம் காயவைத்து நிதானமாகப் போட்டதில் நாவல் ஒன்றுகூட முளைக்கவில்லை. அதன் விதையில் ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும், விழுந்தவுடன் போட வேண்டும் என்பது தெரியாமல் செய்த தப்பு. பாலையில் நூறு விதைக்கு ஏழெட்டு வந்தது. வந்ததும் வளர்வதாகத் தெரியவில்லை. ஒரு வருஷத்தில் ஒரு சாண். என் மனைவி, "இது வளர்றதுக்குள்ள நமக்குத் திவசம் வந்துடும்" என்றாள். உண்மைதான்.

அனுமதி வாங்கி ஒரு பழைய மண்மேட்டில், வயதான அகேசியாக்களின் நிழலில், ஐந்தாறு இனங்களில் பன்னிரண்டு கன்று வைத்தோம். ஆரோவில் முறைப்படி, நிழல் ஏற்கெனவே இருக்கிறதே என்று. ஆடு தின்றது, கோடை தின்றது. பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு மூன்று இருக்கின்றன: இரண்டு காசா, ஒரு பாலை. பாலை என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. போன மாசி மாதம் போய்ப் பார்த்தபோது அதன் அடியில் வெள்ளைக் களி தெரியவில்லை, ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாக மக்கு சேர்ந்திருந்தது. கிளறினால் எறும்பு ஓடியது.

மிச்சக் கன்றுகளைக் கோயில் பின்பக்கத்துக்கே கொண்டுபோய்ச் சிமென்ட் தரை ஓரமாக வைத்தேன். மச்சான் தடுக்கவில்லை. தண்ணீர்கூட ஊற்றினான். ஆனால் சென்ற வாரம் போனில் பேசும்போது, பின்பக்கத்தைச் சமன் செய்து வண்டி நிறுத்தும் இடம் ஆக்கலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள், ஆடி முதல் வெள்ளியில் கூட்டம், நீங்களும் வர வேண்டும் என்றான். நோட்டு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

போகப்போகிறேன். இந்த 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீர கோயில் காட்டை, 4.97 ஹெக்டேர், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்தபடியாக மாநிலத்தில் இரண்டாவது. அந்தச் செய்தியைப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அரை ஏக்கருக்கு அந்தப் பட்டமெல்லாம் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். ஒரு கோயில் காட்டைத் தேடி கவர்ன்மென்ட்டே வந்திருக்கிறது என்று பையன்களுக்குக் காட்டத்தான். மச்சானிடம் வேறு மாதிரிப் பேச வேண்டும். தானே அடித்த மூன்றாம் நாள் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தானே, அப்போது எதிரே எது நின்றுகொண்டிருந்தது என்று கேட்பேன். கல்வெட்டில் என் பெயருக்கு நேரே ரூ.10,000 என்று இருக்கிறது. முதலில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஆனியில் போட்ட விதை இந்த வருஷம் பதினொன்று முளைத்திருக்கிறது. அதில் ஒரு பையையும் கையோடு எடுத்துப்போவேன்.